உளுந்தங்களியும் ஈஸ்ட்ரோஜனும்

காவிரிப் படுகையில் பெண் பூப்பெய்தினால் உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு அப்படியொரு பண்டமும் இல்லை, பேச்சும் இல்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவு வயலில் குனிந்து நிற்கும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குத் திடீரென உடல் கொதித்து வியர்த்தால், பழி வெயிலின் மேல் போகிறது. இந்த மௌனத்தினூடேதான் 'பக்கவிளைவற்ற தாவர ஹார்மோன்' என்று சோயா மாத்திரைகள் விற்பனைக்கு வருகின்றன.

தாவர ஈஸ்ட்ரோஜன் கற்பனையல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைத் தீவனப் பயிரை மேய்ந்த செம்மறியாடுகள் சினை பிடிக்காமல் போனதை 1946-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். காரணம், அப்பயிரிலிருந்த ஐசோஃபிளேவோன்கள். சோயாவின் ஜெனிஸ்டீன், டைட்சீன் ஆகியவையும் அவ்வினத்தவையே. ஈஸ்ட்ரோஜன் பொருந்தும் ஏற்பிகளில் இவையும் பொருந்தும். ஆனால், வலுக் குறைவு. டைட்சீனை வீரியம் மிகுந்த ஈக்குவாலாக மாற்றும் குடல் நுண்ணுயிரிகளும் எல்லோரிடமும் இல்லை.

இவற்றுக்கு மவுசு கூடியது 2002-இல். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஹார்மோன் சிகிச்சைச் சோதனை, மார்பகப் புற்றுநோய் அதிகரித்ததால் இடையில் நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதை அச்சம் மறைத்துவிட்டது. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்கினால், கடும் தொல்லை உள்ள பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து.

மாற்றாகச் சொல்லப்படும் தாவரச் சத்துகளின் நிலை என்ன? 43 சோதனைகளைத் தொகுத்து 2013-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, உறுதியான சான்று இல்லை என்றது; செறிவூட்டிய ஜெனிஸ்டீனுக்கு மட்டும் ஓரளவு நம்பிக்கை தெரிவித்தது. வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தக் கழகம் 2023-இல் சோயாவைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

சம்பா அறுவடைக்குப் பின் நம் வயல்களில் விளையும் உளுந்திலும் பச்சைப்பயற்றிலும் ஐசோஃபிளேவோன் மிகமிகக் குறைவு. எள்ளில் லிக்னான் உண்டு. அது வெப்ப அலையைத் தணிக்கும் என்பதற்குச் சான்று போதாது. இவற்றைப் புரதத்துக்காகவும் சுண்ணாம்புச் சத்துக்காகவும் உண்ணலாம், மருந்தாக அல்ல.

மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு ஹார்மோன் பொதுவாக ஆகாது; அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருக்கின்றன. இளம் வயதிலேயே கருப்பையோடு சினைப்பைகளும் அகற்றப்பட்ட பெண்ணின் எலும்பைச் சோயா மாத்திரை காக்காது. தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அதோடு சேர்த்துச் சோயா உண்டால் மருந்து உடலில் சேர்வது குறையும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் உதிரம் கண்டால், எந்தக் களியும் மாத்திரையும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.