இட்லி ஈடு மாதிரி கணக்குப் போடும் பிராசஸர்: வெக்டர் கட்டளை என்றால் என்ன?

இருட்டாக விழுந்துவிட்ட போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்து பிரைட்னஸைக் கூட்டுகிறீர்கள். சட்டென்று படம் வெளிச்சமாகிறது. உள்ளே நடப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. 12 மெகாபிக்சல் படத்தில் 1.2 கோடி புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 எண்கள். ஆக, 3.6 கோடி கூட்டல்.

எல்லா எண்ணோடும் அதே 20-ஐத்தான் கூட்டணும் என்றால், எதற்கு ஒவ்வொன்றாக? தோசையைத்தான் ஒண்ணொண்ணாகச் சுடவேண்டும். இட்லியை ஒரே ஈட்டில் எடுத்துவிடலாம். வெக்டர் கட்டளை இட்லிப் பானை ரகம். 128 பிட் அகல ரெஜிஸ்டரில் 8 பிட் எண்கள் 16 உட்காரும். ஒரே கட்டளையில் பதினாறும் கூட்டப்பட்டுவிடும். 3.6 கோடி கூட்டல், 22.5 லட்சமாகச் சுருங்குகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு புள்ளியின் மதிப்பு 250 என்றால், 20 கூட்டினால் 270. ஆனால் 8 பிட்டில் 255-க்கு மேல் இடமில்லை. சாதாரணக் கூட்டல் சுற்றிவந்து 14-இல் நிற்கும். வெள்ளைச் சட்டையில் கறுப்புப் புள்ளி விழும். வெக்டர் கட்டளைகளில் 255-ஐத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும் கூட்டல் இருக்கிறது.

இன்டெல் 1997-இல் எம்எம்எக்ஸ் என்ற பெயரில் 64 பிட்டில் தொடங்கியது. இப்போது ஏவிஎக்ஸ்-512 வரை வந்தாச்சு. போன்களின் ஆர்ம் பிராசஸர்களில் இதே வேலைக்கு நியான்.

அதற்காக 16 மடங்கு வேகம் அப்படியே கிடைத்துவிடாது. பானை பெரிதானால் போதுமா, மாவு வந்து சேர வேண்டாமா? மெமரியிலிருந்து எண்கள் வரும் வேகம்தான் பல நேரம் முட்டுக்கட்டை. முந்தைய விடை தெரிந்தால்தான் அடுத்த கணக்கு என்றாலும் சிக்கல்தான்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பிராசஸரில் இல்லாத கட்டளையை மென்பொருள் கேட்டால், அது மெதுவாக ஓடாது, அப்படியே நின்றுவிடும். மோங்கோடிபி 5.0-க்கு ஏவிஎக்ஸ் கட்டாயம். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு, எஸ்எஸ்இ4.2 இல்லாத பிராசஸரில் பூட்கூட ஆகாது. வயசு மட்டும் காரணமில்லை: ஏவிஎக்ஸ் 2011-லேயே வந்தும், விலை குறைந்த பென்டியம், செலிரான்களுக்கு இன்டெல் பல ஆண்டுகள் அதைக் கொடுக்கவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

வாங்கும் முன் விண்டோஸில் 'சிபியூ-இசட்' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், எந்தெந்தக் கட்டளைகள் இருக்கின்றன என்று முதல் பக்கத்திலேயே காட்டிவிடும்.