ரேடியோ டைம்

"இது ரேடியோ டைம்" என்று ஒருவர் தன் வாட்சைக் காட்டிச் சொல்லிவிட்டால், அதற்குமேல் மணியைப் பற்றிய வாதம் கிடையாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டு வீடுகளில் நிலைமை அதுதான். காலைச் செய்திக்கு முன் வானொலியில் மணி சொல்லும்போது முள்ளைத் திருத்தி, குமிழை அமுக்கி, கையோடு சாவியும் கொடுத்துவிடுவார்கள். வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுக்கு நகராட்சிச் சங்கு இருந்தது. கோவையிலும் மதுரையிலும் பஞ்சாலைச் சங்கு இருந்தது. மணி வெளியிலிருந்து காதுக்கு வந்தது, காதிலிருந்து கைக்கு இறங்கியது.

இன்றும் ரேடியோ டைம் இருக்கிறது. கேட்கிற காதுதான் வேறு. ஜப்பானிலோ ஜெர்மனியிலோ ஒருவர் தூங்கப்போகும் முன் ஜன்னலோரம் கழற்றி வைத்த கைக்கடிகாரம், நள்ளிரவுக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இடையில் தானாகவே விழித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் நெட்டலையைத் தேடிப் பிடிக்கிறது. சில நிமிடம் கேட்டுத் தன் நொடியைத் திருத்திக்கொள்கிறது. உடையவர் காலையில் காண்பது முகப்பின் ஓரத்தில் ஒரு சிறு குறியை மட்டும்.

இந்த இடத்துக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. லண்டனில் 1836 முதல் பெல்வில் குடும்பம் மணியை விற்றே பிழைத்தது. ஜான் ஹென்றி பெல்வில் தொடங்கிய தொழிலை அவர் மறைவுக்குப் பின் மனைவி மரியா நடத்தினார். 1892இல் அது மகள் ரூத்தின் கைக்கு வந்தது. ரூத் வாரந்தோறும் கிரீன்விச் வானாய்வகத்துக்குப் போவார். ஜான் அர்னால்ட் செய்த பழைய பாக்கெட் கடிகாரத்தை அங்கே சரிபார்த்துச் சான்றும் வாங்கிக்கொண்டு, சந்தா கட்டியவர்களின் வாசல்களுக்கு நடந்து போய் மணியைக் காட்டுவார். தந்தி வந்தது. 1924 பிப்ரவரியில் பிபிசி ஆறு 'பிப்' ஒலிகளை ஒலிபரப்பத் தொடங்கியது. அப்படியும் 1940 வரை ரூத் நடந்தார். வேறு வழி இல்லாமல் அவரை வைத்திருக்கவில்லை. அந்த அம்மாள் கொண்டுவரும் மணியை நம்பியவர்கள் கடைசிவரை இருந்தார்கள்.

அதே 1940இல்தான் ஜப்பானில் ஜேஜேஒய் என்ற சிற்றலை மணி ஒலிபரப்பு தொடங்கியது. அதைக் கேட்க ஒரு சிற்றலைப் பெட்டியும், பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். 1999 ஜூனில் ஃபுகுஷிமா மாகாணத்தின் ஓதகடோயா மலையில் 40 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை நிலையம் வந்தது. 2001 மார்ச்சில் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அக்டோபரில் தெற்கே கியூஷு தீவின் ஹகானே மலையில் 60 கிலோஹெர்ட்ஸில் இரண்டாவது நெட்டலை நிலையம் எழுந்தது. மனிதர் கேட்பதற்கென்று இருந்த ஒலிபரப்பு அறுபது ஆண்டு ஓடி முடிந்து, கருவிகள் கேட்பதற்கான ஒலிபரப்பு நிலைத்துவிட்டது.

அந்தக் கருவிகள் கேட்பது என்ன? ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் அருகே மைன்ஃப்ளிங்கன் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 77.5 கிலோஹெர்ட்ஸில் 50 கிலோவாட் திறனுடன் இயங்கும் அந்த அலை, ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ஒரு கணம் தணிகிறது. பத்தில் ஒரு நொடி தணிந்தால் பூஜ்யம், பத்தில் இரண்டு நொடி தணிந்தால் ஒன்று. இப்படி ஒரு நிமிடத்துக்குள் மணி, நிமிடம், தேதி, கிழமை, மாதம், ஆண்டு அத்தனையும் வந்துவிடுகின்றன. கடைசி நொடியில் மட்டும் தணிவு இல்லை. அடுத்த நிமிடம் பிறக்கப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னால் இருப்பவை சீசியம் அணுக்கடிகாரங்கள். இந்த எளிமை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதை முதலில் மணிக்கட்டில் கட்டியது ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் நிறுவனம், 1990இல். அலைவாங்கியை வைக்கக் கடிகாரத்துக்குள் இடம் இல்லாமல் பட்டைக்குள் வைத்தார்கள். 1993இல் சிட்டிசன் கொண்டுவந்த வாட்சில் அது முகப்பின் குறுக்கே வெளிப்படையாகத் தெரிந்தது. இன்று செப்புக்கம்பி சுற்றிய சிறு தண்டாக உள்ளே ஒடுங்கிவிட்டது. கேசியோவின் ஜிடபிள்யூ-எம்5610 நல்ல உதாரணம். 1983இல் வந்த முதல் ஜி-ஷாக்கின் அதே சதுர உருவம், 52 கிராம் எடை, 200 மீட்டர் நீர்த்தாங்கு திறன். ஜப்பானில் இரண்டும் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, சீனாவில் ஒவ்வொன்றுமாக ஆறு நிலையங்களின் அலையை அது வாங்குகிறது. 48 நகரங்களின் நேரம், ஐந்து அலாரம், நிறுத்துக்கடிகாரம், 2099 வரை நாட்காட்டி எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

துல்லியத்தில் வந்த மாற்றம் பெரிது. சாவி கொடுக்கும் வாட்ச் ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் போனால் யாரும் குறை சொன்னதில்லை. 1969 கிறிஸ்துமஸ் நாளில் சீக்கோ விற்பனைக்கு விட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் மாதத்துக்கு ஐந்து நொடிதான் பிசகியது. விலை 4,50,000 யென். அன்று ஒரு சிறு கார் வாங்கும் பணம். அலை கிடைக்கிற ஊரில் இன்றைய ரேடியோ வாட்ச் ஆண்டு முழுவதும் ஒரு நொடிகூட விலகுவதில்லை, விலையோ ஒரு நடுத்தரக் கைபேசிக்குள் அடங்கிவிடுகிறது.

ஓட்டும் சக்தியின் கதையும் அப்படித்தான். அன்று தினமும் காலையில் சாவி. மறந்தால் மறுநாள் நின்றுவிடும். பிறகு செல் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து மாற்ற வேண்டும். அப்படித் திறந்த வாட்சுக்குள் அடுத்த மழையில் தண்ணீர் போவதும் உண்டு. இன்று முகப்பிலேயே சூரியத் தகடு இருக்கிறது. முழுதாய் மின்னேற்றியபின் வெளிச்சமே படாவிட்டாலும் ஏறத்தாழ 10 மாதம் ஓடும் என்கிறது கேசியோ. நம் ஊர் வெயிலில் அந்தக் கவலை எழவே வாய்ப்பில்லை.

ஆனால் சாவி கொடுப்பதில் ஒரு பழக்கம் இருந்தது. என் அப்பாவின் எச்எம்டி, பெங்களூர் ஆலையில் பிறந்தது. குளித்து, திருநீறு பூசி, சாவி கொடுத்து, அதன்பிறகுதான் கட்டுவார். சுருள் இறுகும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் விரலுக்குத் தெரியும். வாட்ச் ஒரு வாரத்தில் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதும் தெரியும். அதை மனதில் கூட்டித்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவார். பொருளின் குறையை அறிந்து அதனோடு வாழ்வது ஒரு நெருக்கம். குறையே இல்லாத பொருளோடு அந்த நெருக்கம் வருவதில்லை.

கண்ணில் லென்ஸ் செருகிக் குனிந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரரையும் இங்கே சொல்ல வேண்டும். பல்சக்கரத்தைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையில் எண்ணெய் தொட்டு வைத்து, வாட்சுக்கு இன்னும் பத்து வருஷ ஆயுள் கொடுக்க அவரால் முடிந்தது. ரேடியோ வாட்சின் உள்ளே இருப்பது ஒரே மின்னணுத் தொகுதி. உள்ளே உள்ள மின்கலம் தளர்ந்தால் மாற்றலாம். தொகுதி பழுதானால் சீர்செய்ய முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும். மாற்று கிடைக்காத நாளில் வாட்சின் கதை முடிந்தது. எச்எம்டியின் வாட்ச் தொழிலை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. அந்த ஆலையில் பிறந்த வாட்சுகளோ இன்றும் ஓடுகின்றன. இந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

லாபம் முழுதாகத் தெரிவது பயணத்தில்தான். அன்று வெளிநாடு போகிறவர் விமானத்தில் முள்ளைத் திருகிக்கொண்டார், அல்லது ஊர் நேரத்தையே கையில் வைத்துக்கொண்டு மனதில் கழித்துக்கொண்டார். இரண்டு நாட்டு நேரம் காட்டும் முள் கடிகாரங்கள் 1950களில் விமானிகளுக்காக வந்தன. பின்னால் வந்த பலவற்றில் நேரத்தை முழு மணிக் கணக்கில்தான் மாற்ற முடியும். ஐந்தரை மணி நேர வித்தியாசம் உள்ள நம் நாட்டை அவை நேராகக் காட்டியதில்லை. இன்றைய வாட்சில் 'டெல்லி' என்று தேர்ந்தால் அந்த அரை மணியும் சேர்ந்தே வருகிறது.

லண்டனில் வாழும் தமிழருக்கு இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. சென்னைக்கும் லண்டனுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம், கோடையில் நான்கரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் ஒன்றொன்றாகத் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் ஊருக்குப் பேசுகிற நேரம் தவறும். இங்கிலாந்தின் ஆன்தார்ன் நிலையத்து அலையில் கோடை நேரக் குறிப்பும் கலந்தே வருகிறது. ஞாயிறு காலையில் எழும்போது வாட்ச் ஏற்கெனவே மாறியிருக்கும்.

இவ்வளவும் தானாக நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2011 மார்ச் 11 பூகம்பத்துக்கு அடுத்த நாள், ஓதகடோயா நிலையத்தின் ஊழியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஃபுகுஷிமா அணுஉலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்ற உத்தரவில் அந்த மலையும் அடங்கியது. அலை நின்றது. ஏப்ரல் 21 அன்றுதான் மீண்டது. இடைப்பட்ட நாட்களில் ஹகானேயின் அலை எட்டாத வாட்சுகள் சாதாரணக் குவார்ட்ஸாக, மாதத்துக்குப் பதினைந்து நொடி வரை பிசகக்கூடியவையாக ஓடின. ரூத் பெல்வில் நடந்தது தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. மலையுச்சிக் கோபுரத்தைக் காத்துநின்றவர்களை, அது நின்றபோதுதான் பலர் நினைத்தார்கள்.

நம் ஊரில் அந்த ஆறு நிலையங்களில் எதன் அலையும் வாட்சுக்குப் போதுமான அளவில் எட்டுவதில்லை. சென்னைக் கடையில் இந்த வாட்சை வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சூரியத் தகடு வேலை செய்யும், உலக நேரம் வேலை செய்யும், ரேடியோ மட்டும் விமானம் ஏறும்வரை உறங்கும். நொடிக் கணக்கு முக்கியம் என்றால், கைபேசியோடு புளூடூத்தில் இணையும் மாதிரியைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு காலத்தில் நாட்டின் ரயில்களுக்கு மணி சொன்னது சென்னை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் 'மெட்ராஸ் டைம்' கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் ஓடியது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வரும்வரை ரயில்வே அதையே பின்பற்றியது. இன்று திட்ட நேரத்தைக் காக்கும் அணுக்கடிகாரங்கள் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கின்றன. அந்த நேரத்தை நெட்டலையில் அனுப்பும் ஒரு கோபுரம்தான் இல்லை. மைன்ஃப்ளிங்கனின் அலை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் எட்டுகிறது. நாக்பூரிலிருந்து கன்னியாகுமரியும் ஸ்ரீநகரும் குவாஹாட்டியும் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. நாக்பூரில் ஒரு நிலையம் வந்தால், இணையம் இல்லாத கிராமத்துப் பள்ளி மணியும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர்க்கடிகாரமும் ரயில் நிலையத்து மணியும் ஒரே நொடியில் ஓடும். தொழில்நுட்பம் பழையது, செய்து காட்டிய நாடுகள் பல. அரசு இதைச் செய்ய வேண்டும்.