நடுநாட்டுத் தடங்கள் – 9: தறியிலிருந்து அறுத்த துணி

தமிழில் உடையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பலவும் வெட்டுதலைக் குறிக்கும் வினைகளிலிருந்து பிறந்தவை. அறுக்கப்பட்டது அறுவை, துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, கூறு போடப்பட்டது கூறை. வேட்டியை மட்டும் 'வெட்டு' என்பதோடு சேர்ப்பவரும் உண்டு, வடமொழி 'வேட்டனம்' என்பதோடு சேர்ப்பவரும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், மற்றச் சொற்கள் காட்டும் படம் தெளிவானது. தறியில் நெய்து முடித்த நீளத்திலிருந்து அளவாக அறுத்தெடுத்த உடனேயே அது உடையாகிவிட்டது. கத்தரிக்கும் ஊசிக்கும் அதற்கு மேல் வேலை இருக்கவில்லை.

இதன் பொருளை உணர இங்கிலாந்தின் கல்லறைகளோடு ஓர் ஒப்பீடு உதவும். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் அங்கு வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் ஆடைகள் மண்ணில் மக்கிப்போய்விட்டன என்றாலும், பெண்கள் தோளில் துணியைப் பிணைத்துக்கொண்ட உலோக உடையூசிகள் எஞ்சியுள்ளன. அவற்றின் துருவில் பதிந்து கிடக்கும் நூலிழைகளைக் கொண்டு நெசவின் வகையையும், எலும்புக்கூட்டின் இரு தோள்களிலும் ஊசிகள் கிடக்கும் இடத்தைக் கொண்டு ஆடையின் அமைப்பையும் ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கின்றனர். தமிழகத்து ஆடையோ குத்தப்படாமல் சுற்றியும் செருகியும் முடிந்தும் உடலில் நின்றதால், துணி மக்கியதோடு அதன் சுவடும் மறைந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்த சுடுமண் தக்களி வில்லைகளும், 1945இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் சாயத்தொட்டிகள் எனக் கருதிய கட்டுமானங்களும் நூற்றவரையும் தோய்த்தவரையும் காட்டுகின்றனவே தவிர, உடுத்தியவரைக் காட்டுவதில்லை. அவரைக் காண இலக்கியத்தையும் சிற்பத்தையும் நாட வேண்டும்.

இலக்கியம் இவ்வகையில் திண்டிவனத்துக்கு வஞ்சகம் செய்யவில்லை. இன்று அந்நகரின் ஒரு பகுதியாக அடங்கிவிட்ட கிடங்கல், சங்க காலத்தில் கிடங்கில் என்னும் பெயரோடு ஓய்மா நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் ஊராக விளங்கியது. அவனைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் அவன் ஊருக்குச் செல்லும் வழியையும் அதன் முடிவில் கிடைக்கும் விருந்தையும் விவரிக்கிறது. உப்புக்கும் வழியின்றிக் கீரையை வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவரோ என்று கதவடைத்து உண்ட குடும்பத்திலிருந்து வரும் பாணனுக்கு நல்லியக்கோடன் முதலில் அளிப்பது உணவு அன்று. மூங்கிலின் உட்புறத்திலிருந்து உரித்தெடுத்த தோலைப் போல மெல்லிய அறுவை. கள்ளும், பொற்கலத்தில் அரசனே முன்நின்று ஊட்டும் சோறும் அதற்குப் பிறகே வருகின்றன. பசித்து வந்தவனுக்குச் சோற்றுக்கு முன் துணி ஏன் என்னும் கேள்விக்குப் பொருநராற்றுப்படை விடை வைத்திருக்கிறது: அங்கே வரும் பொருநன் உடுத்தியிருப்பது, வியர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியேறி, வேறு வேறு நூலால் ஒட்டுத்தையல் போட்ட கந்தல்; கரிகாலன் அதைக் களையச் செய்து, பாம்பு உரித்த சட்டை போன்ற மெல்லிய துணியை அவனுக்கு உடுத்துகிறான். கந்தலோடு ஒருவன் அரசனின் பந்தியில் அமர முடியாது. துணி மாறிய பிறகே அவன் விருந்தினன் ஆகிறான்.

இவ்விடத்தில் தையல் எதைக் குறித்தது என்பது கவனிக்கத்தக்கது. துன்னகாரர் எனப்பட்ட தையற்காரர் சிலப்பதிகாரப் புகாரில் தனித் தொழிலாளராக இடம்பெறுகின்றனர். எனினும் பாணரின் உலகில் ஊசி பட்ட துணி வறுமையின் அடையாளமாகவும், ஊசி படாத துணி மதிப்பின் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. பண்டிகைக்குச் சட்டையை எப்படித் தைத்துக்கொண்டாலும், சம்பந்தியின் தாம்பாளத்தில் வைக்க இன்றும் மடிப்பு கலையாத வேட்டியும் புடவையும்தான் தேவைப்படுகின்றன.

சிற்பமும் ஓவியமும் தரும் செய்தி குறைவு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இன்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் பெருமைப்பட்டுக்கொண்ட மண்டகப்பட்டிலும், இராசசிம்மன் காலத்துப் பார்வதி ஓவியம் மங்கிய நிலையில் எஞ்சியுள்ள பனமலையிலும், துணி இடுப்புக்குக் கீழே நிற்க, மேலுடலை அணிகலன்களே நிரப்புகின்றன. தெய்வங்களையும் வாயிற்காவலரையும் காட்டும் கலை அன்றாட உடையின் நிழற்படம் ஆகாது; ஆயினும் மேலுடலை மூடாமை அக்காலத்தில் இழிவாகக் கருதப்படவில்லை என்பதையாவது அது மறுக்கவியலாமல் சொல்கிறது. திருநாதர்குன்றின் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் ஒரு படி மேலே சென்று, துணியே இன்றி இருக்கின்றனர். திகம்பரர் என்றால் திசைகளை ஆடையாகக் கொண்டவர் என்று பொருள். உடையால் மதிப்பளக்கும் ஊரில் உடையைத் துறப்பதே பெரிய துறவாகும்.

தைத்த உடை இப்பகுதியில் அதிகாரத்தின் உடையானது அரசவைகள் வழியாகவே. செஞ்சிக் கோட்டை நாயக்கர், பீசப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர் எனக் கைமாறி 1750இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்றது. அக்காலத்துப் புதுச்சேரியில் ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் சிலை நீண்ட அங்கியும் தலைப்பாகையுமாக நிற்கிறது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் சகலாத்து எனப்படும் கம்பளித் துணி, மதிப்புக்குரியவர்களுக்கு அளவெடுத்து வழங்கப்படும் வெகுமதியாக வந்துகொண்டே இருக்கிறது. யாருக்கு எத்தனை கசம் என்பதில் அன்றைய அரசியலின் ஏற்ற இறக்கத்தைப் படித்துவிடலாம். நல்லியக்கோடன் பாணனுக்குத் தந்த அறுவையும் ஆளுநர் தந்த சகலாத்தும் வேறு வேறு நாட்டுச் சரக்குகள் என்றாலும், துணியைத் தந்தவன் மேல், பெற்றவன் கீழ் என்னும் உறவு மாறவில்லை.

அதே புதுச்சேரிக்குப் பின்னிலமாக இருந்த திண்டிவனம், விழுப்புரம் வட்டங்கள் உலகின் வேறொரு மூலையை உடுத்திய கதை இதனினும் சுவையானது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் அவுரி மிகுதியாகப் பயிரிடப்பட்டது. செடியை அறுத்துத் தொட்டியில் ஊறவைத்து, புளித்த நீரை வேறு தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் காலாலும் கோலாலும் அடித்துக் கலக்கினால், காற்றுப் பட்ட நீர் நீலமாகி அடியில் வண்டலாகப் படியும்; அதைக் காய்ச்சி, வடித்து, பாளங்களாக அறுத்து உலர்த்துவர். இந்த நீலம் தண்ணீரில் கரையாது என்பதால், சாயக்காரர் அதைச் சுண்ணாம்போடும் வேகவைத்த தகரை விதையோடும் பானையில் மீண்டும் புளிக்கவைத்தனர். புளித்த சாயத்தில் முக்கிய துணி வெளியே வரும்போது நீலமாக இராது. மஞ்சள் கலந்த பச்சையாகச் சொட்டச் சொட்ட வந்து, கொடியில் தொங்கும் சிறிது நேரத்தில் பார்ப்பவர் கண்ணெதிரே நீலமாக மாறும்.

இவ்வாறு தோய்ந்த புதுச்சேரி நீலத் துணி 'கினே' என்னும் பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்குள்ள பாலைவன வணிகர்கள் அதன் பளபளப்பையும் மணத்தையும் வைத்தே அசலையும் போலியையும் பிரித்தறிந்தனர்; வேலம் பிசினுக்கு விலையாகப் பெற்ற அத்துணி, உடுப்பதற்கு மட்டுமின்றி நாணயமாகவும் கைமாறியது. அந்தப் பிசினோ ஐரோப்பாவின் துணி அச்சு ஆலைகளுக்குப் போயிற்று. தமிழகத்துத் தறிகளை முடக்கியவற்றில் அவ்வாலைகளின் சரக்கும் அடங்கும். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் அவுரித் தொழில் சரிந்தது. எனினும் முற்றிலும் அழியவில்லை, இயற்கைச் சாயத்தை நாடும் வெளிநாட்டாருக்காகத் திண்டிவனம் பக்கத்தில் அவுரி இன்றும் விளைகிறது. விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் பட்டுத்தறிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

துணியைத் தருவது அதிகாரம் என்றால் தடுப்பது அதனினும் பெரிய அதிகாரம். இராமநாதபுரம் சீமையில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த எட்டுத் தடைகளில், ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியக் கூடாது, பெண்கள் மேலுடலை மறைக்கக் கூடாது என்பனவும் இருந்தன. பனமலைச் சுவரில் இழிவாகாத திறந்த தோள், இங்கே கட்டளையாக மாறிய கணத்தில் இழிவாகிறது. தோளில் கிடக்கும் துண்டின் இலக்கணமும் இத்தகையதே: பெரியவர் எதிரே வந்தால் அது கக்கத்துக்கோ இடுப்புக்கோ இறங்க வேண்டும். செட்டிநாட்டுத் திருமணம் ஒன்றில் நாகசுரக் கலைஞர் சிவக்கொழுந்து துண்டை எடுக்க வேண்டும் என்று எழுந்த எதிர்ப்பைப் பட்டுக்கோட்டை அழகிரி முன்நின்று மறுத்ததைச் சுயமரியாதை இயக்கத்தார் இன்றும் நினைவுகூர்வதற்கு, அந்த ஒரு முழத் துணியின் எடையே காரணம்.

உடுத்தும் உரிமை இப்பகுதியில் இன்று கண்முன் நிகழ்வது சித்திரை மாதத்தில்தான். விழுப்புரத்தின் விடுதிகள் திருநங்கையரால் நிறைந்து, மிஸ் கூவாகம் போட்டி முடிந்த பின், அவர்கள் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குச் சென்று, பாரதக் கதையின் அரவானுக்கு அவனது களப்பலிக்கு முந்தைய இரவில் மனைவியராகப் பூசாரி கையால் தாலி ஏற்கின்றனர். வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் உள்ளூர் ஆண்களும் உண்டு. உடையாலும் நடையாலும் தம் பாலினத்தை வெளிப்படுத்துவது அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் தீர்ப்பளித்தது. அதற்கு வெகு காலம் முன்பே, ஓர் இரவுக்கு மட்டுமாவது கூறைப்புடவையை யாரும் கேள்வி கேட்காமல் உடுத்த இடம் தந்தது இந்தச் சிற்றூர். மறுநாள் தேர் அழிகளத்தை அடைந்ததும் ஒப்பாரி எழ, பூசாரிகள் தாலியை அறுக்கின்றனர். வளையல்கள் நொறுக்கப்படுகின்றன, பூ பிய்த்தெறியப்படுகிறது, குங்குமம் அழிக்கப்படுகிறது. குளித்துக் கரையேறும் திருநங்கையின் தோழி, கைப்பையில் முன்னதாகவே வாங்கி மடித்து வைத்திருந்த வெள்ளைப் புடவையை எடுத்து நீட்டுகிறாள்.