முகப்பிடத்தில் முடிவாகும் உரிமை

கேமரன் மலையில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒருவர் முதுமையில் சமூக நல இலாகாவின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார். கிடைக்குமா என்பதை விதிமுறை பாதி முடிவு செய்கிறது. மீதியை அதிகாரி முடிவு செய்கிறார். இந்த மீதிப் பாதிக்கு 'விருப்புரிமை' என்று பெயர். இனப் பாகுபாடு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நுழைகிறது.

முதியோருக்கான மாத உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு இது 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. விண்ணப்பதாரர் 60 வயது நிறைந்த குடிமகனாக இருக்க வேண்டும். நிலையான வருமானம் இருத்தல் கூடாது. குடும்பம் இருந்தாலும் அவரைப் பராமரிக்க இயலாத நிலையில் இருக்க வேண்டும். வயதை அடையாள அட்டை சொல்லிவிடும். 'இயலாத நிலை'யை எது சொல்லும்? விசாரிக்க வரும் அதிகாரியின் அறிக்கைதான். லயத்து வீட்டைப் பார்த்ததும், தோட்ட நிர்வாகமே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் என்று ஒருவர் எண்ணலாம். வேலை போனால் வீடும் போய்விடும் என்பதை அறிந்த இன்னொருவர் வேறுவிதமாக எழுதலாம். இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. இலங்கையில் 1995இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டத்தில் மலையகத் தேயிலைத் தொழிலாளர்கள் பெருமளவில் விடுபட்டதற்கும், 'அவர்களுக்குத்தான் தோட்டத்துச் சம்பளம் இருக்கிறதே' என்ற எண்ணம் ஒரு காரணம்.

அதிகாரிகள் எல்லாரும் இனவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அறிஞர் மைக்கல் லிப்ஸ்கி 1980இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்: கோப்புகள் அதிகம், நேரமும் பணமும் குறைவு. எனவே கீழ்நிலை அதிகாரிகள் மனிதர்களைச் சட்டென்று வகைப்படுத்திப் பழகிவிடுகிறார்கள். அந்த வகைப்படுத்தலில் பெயரும் நிறமும் பேச்சும் சேர்ந்துகொள்கின்றன.

இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, மலாய் எழுதத் தெரியும் என்பதால் லயத்தில் பலருக்கு நான் பாரம் நிரப்பிக் கொடுத்ததுண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஓர் அலுவலகத்தில் தோட்டத்துக் கடிதம் கேட்டார்கள். கொண்டு போனதும் பிள்ளைகளின் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். மூன்றாம் முறை பாட்டி போகவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை. ஆகவே நிராகரிக்கப்பட்டோர் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

இத்தகைய பாகுபாட்டை அளக்க முடியும். ஜெர்மனியில் ஹெம்கர், ரிங்க் எனும் இரு ஆய்வாளர்கள் சமூக நல அலுவலகங்களுக்கு ஜெர்மானியப் பெயர்களிலும் வேற்றினப் பெயர்களிலும் மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தனர். 2017இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பதில் கிடைத்த அளவில் வேறுபாடில்லை. ஆனால் வேற்றினப் பெயர்களுக்கு வந்த பதில்கள் தரம் குறைந்தவை. விண்ணப்பிக்கும் எண்ணத்தையே கைவிடச் செய்யக்கூடியவை. பாட்டிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர் நிலை இன்னும் மோசம். அவர்கள் நிரந்தரவாசிகள், குடிமக்கள் அல்லர். எனவே உதவித்தொகைக்கு முன் குடியுரிமை வேண்டும். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, தகுதியுள்ளவருக்குக் கூட்டரசு அரசாங்கம் குடியுரிமை 'வழங்கலாம்' என்கிறது. வழங்க வேண்டும் என்று சொல்லவில்லை. மலாய் மொழியில் 'போதிய' அறிவு வேண்டும் என்கிறது; எது போதியது என்பது நேர்காணல் செய்பவர் கையில். அம்முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய இரண்டாம் அட்டவணை இடம் தரவில்லை. இன அடிப்படையில் பாகுபாடு கூடாது என்னும் 8ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவோ குடிமக்களுக்கு மட்டுமே உரியது. யாருக்கு அது அதிகம் தேவையோ, அவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள்!

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியபோது, சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. தங்கிவிட்டவர்களில் பலர் சிவப்பு அட்டையுடனேயே முதுமை அடைந்தனர். 2018இல், 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க அமைச்சரவை ஒப்புக்கொண்டதாகப் பிரதமர் மகாதீர் அறிவித்தார். அதற்காக 19ஆம் பிரிவைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அதே 'வழங்கலாம்' அவர்களுக்குச் சாதகமாகப் பயன்பட்டது.

விடுமுறையில் தோட்டத்திற்குப் போகும் மாணவர்கள் பாரம் நிரப்பிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், முகப்பிடம்வரை உடன் செல்வது நல்லது. விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் கேட்டு வாங்குங்கள். கூடுதல் ஆவணம் கேட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.