கோழிகளை நோயினின்று காப்போம்

தோட்டப்புறங்களில் லயத்தின் பின்புறம் பத்துப் பதினைந்து கம்போங் கோழிகளை வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. மழையால் பால்வெட்டு நின்றுபோகும் நாட்களில் கைச்செலவுக்கு உதவும் சிறு சேமிப்பு அவை. நோய் புகுந்துவிட்டால் அச்சேமிப்பு ஒரே வாரத்தில் அழிந்துபோகலாம். இரசாயன மருந்துகளைக் குறைத்து, இயற்கை முறையில் கோழி வளர்க்க விரும்புவோர் எவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும், எதனைக் கைவிடலாகாது என்பதை இங்குக் காண்போம்.

ஈரமே முதற் பகை

மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளை இரத்தக் கழிச்சல் பெரிதும் வாட்டும். கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டை உடனே நோய் தருவதில்லை. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால், ஓரிரு நாட்களில் முதிர்ந்து நோய் பரப்பும் நிலையை அடைகிறது. தரை உலர்ந்திருந்தால் பெரும்பாலானவை முதிர்வதில்லை. ஆகவே கூண்டில் மரத்தூளை மூன்று அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த தூளை அன்றன்றே அகற்றுங்கள். கூரை, சாரல் உள்ளே விழாதவாறு நீண்டிருக்கட்டும். பக்கங்களில் காற்றோட்டம் இருக்கட்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெப்பம் மிகுந்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கியே தன் உடலைக் குளிர்விக்கிறது.

பேனும் கொசுவும்

செம்பேன் பகலில் கூண்டின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். கோழி அமரும் கழிகளின் இடுக்குகளில் கொதிநீரை ஊற்றி இதனை ஒழிக்கலாம். உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழி ஒன்றை அமைத்தால் கோழிகள் தாமே அதில் புரண்டு உடலைத் தூய்மை செய்துகொள்ளும். கோழி அம்மையைக் கொசுக்கள் பரப்புகின்றன. பால்வெட்டாத மரங்களின் மங்குகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் கவிழ்த்து வைத்தால் கோழிகளுக்கு மட்டுமன்றி, டிங்கிக் காய்ச்சலினின்று நமக்கும் பாதுகாப்பாகும்.

மூலிகையால் தடுக்க இயலாதது

தீனியில் மஞ்சளும் பூண்டும் வேப்பிலையும் சேர்ப்பது நம்மவர் வழக்கம். ஆயினும் எந்த மூலிகையும் தடுத்து நிறுத்த இயலாத நோய் ஒன்று உண்டு. அதுவே மலாய் மொழியில் 'சம்பார் ஆயாம்' எனப்படும் நியூகாசல் நோய். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இது கண்டறியப்பட்டது. பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத்திணறல், முறுக்கிய கழுத்து, தொங்கும் இறக்கை ஆகியன இதன் அறிகுறிகள். தடுப்பு மருந்து பெறாத மந்தையில் ஏறத்தாழ எல்லாக் கோழிகளுமே மாண்டுவிடக்கூடும். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை.

இந்நோய்க்கு நம் நாட்டிலேயே சிறந்த ஆராய்ச்சி நடந்துள்ளது. இன்று புத்ரா பல்கலைக்கழகம் என வழங்கும் செர்டாங் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், 1980-களில் ஆஸ்திரேலிய அறிஞர்களோடு இணைந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீனியில் பூசிக் கம்போங் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை ஆராய்ந்தனர். தடுப்பு மருந்து இயற்கை முறைக்கு முரணானதன்று. அனைத்துலக உணவு நெறிமுறைகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையத்தின் இயற்கை வேளாண்மை விதிகளும் இதற்கு இடமளிக்கின்றன.

கூடிச் செய்தலே நன்று

ஒரு புட்டி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதும். கலந்தபின் சில மணி நேரத்தில் பயன்படுத்திவிட வேண்டும். எனவே, லயத்தார் அனைவரும் கால்நடை மருத்துவத் துறையினரின் ஆலோசனை பெற்று, ஒரே நாளில் நலமான கோழிகளுக்கெல்லாம் மருந்து கொடுப்பது சிக்கனம், பாதுகாப்பும் அதுவே. ஒருவர் வீட்டுக் கோழி நோயுற்றால் அடுத்த வீட்டுக் கோழியும் தப்புவதரிது. மருந்தின் பயன் நாளடைவில் குறையுமாதலால், குறித்த காலத்தில் மீண்டும் கொடுத்தல் வேண்டும்.

வெளியிலிருந்து வாங்கும் கோழிகளை மூன்று வாரம் தனியே வைத்திருங்கள். நியூகாசல் நோய் வெளிப்படப் பதினைந்து நாட்கள் வரை ஆகலாம். கோழிகள் திடீரெனப் பல மடிந்தால் அவற்றை விற்கவோ, சமைக்கவோ, கால்வாயில் எறியவோ வேண்டாம். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கம்போங் கோழிகளிடையே தோன்றியதை நினைவிற் கொண்டு, உடனே கால்நடை மருத்துவ அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள்.

உலர்ந்த தரை, தூய நீர், உரிய காலத்தில் தடுப்பு மருந்து ஆகிய இம்மூன்றும் இருந்தால் நம் உழைப்பின் பயன் வீணாகாது.