தராசின் முகம் யாரைப் பார்க்கிறது?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பல தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. எண் துல்லியம்தான். ஆனால் திரை கணக்கப்பிள்ளையை மட்டும் பார்த்திருந்தால், கொழுந்து பறித்தவருக்கு அந்தத் துல்லியத்தால் என்ன பயன்?

கருவி தான் செய்ததைப் பயன்படுத்துபவருக்கு உடனே காட்ட வேண்டும் என்று வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 1988இல் வெளியான நூலில் வலியுறுத்தினார். ஏன் உடனே? மொத்த எடையும், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்ததும் தனித்தனியே தெரிந்தால் பிழையை அங்கேயே கேட்கலாம். சம்பள நாளில் நினைவை நம்பி வாதாட முடியாது.

தொடுதிரை என்றால் இன்னொரு சிக்கல். கைபேசியில் உள்ளது போன்ற தொடுதிரை, விரல் பட்டதும் மின்புலம் மாறுவதை வைத்தே தொடுகையை அறிகிறது; மழைத்துளியும் அந்தப் புலத்தைக் குலைக்கும். மலையக மழைக்கு அழுத்தும் பொத்தானே சரி.

இருபுறமும் திரை, பெரிய எண், தமிழ் எழுத்து: தோட்ட நிர்வாகங்கள் தராசு வாங்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.