உங்களுக்குத் தெரியுமா? – கையில் பை, பையில் ஜாதகம்

காலையில் எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். ஒயர் கூடையில் தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் ஃபயர் ஆபீஸ், அதாவது பட்டாசு ஆலை வேலை. புதுக் கட்டைப்பை என்றால் விசேஷ வீடு. கக்கத்தில் மஞ்சப்பையை இடுக்கியிருந்தால் தாலுகா ஆபீஸ். உள்ளே பட்டா நகல், வீட்டுத் தீர்வை ரசீது, ஆதார் ஜெராக்ஸ்.

★ அந்த ஒயர் கூடைக்குள் மடித்து வைத்த பழைய சட்டையும் இருக்கலாம். இருந்தால் அது பருத்தியாகத்தான் இருக்கும். பட்டாசு ஆலைக்குள் பாலியஸ்டர், நைலான் உடுத்தக்கூடாது. செயற்கை இழை உரசி உண்டாகும் நிலைமின்சாரத்தில் தெறிக்கும் சின்னப் பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள.

★ கூடையின் முடிச்சிலும் சேதி உண்டு. பழகும் கை சாதா முடிச்சு போடும். தேர்ந்த கை சிவன்கண் போடும். நெல்லிக்காய் முடிச்சு குமிழ் குமிழாகப் புடைத்து நிற்கும், ஒயரும் நேரமும் கூடுதலாகத் தின்னும். ஒரே தெருவில் ஒரே நிறச் சேர்க்கையில் இரண்டு கூடை தென்பட்டால் இரண்டையும் ஒரே மதினி பின்னியிருக்க வாய்ப்பு அதிகம்.

★ நம் பக்கத்துத் தாம்பூலப் பையைவிட விவரமான விசிட்டிங் கார்டு கிடையாது. மணமக்கள் பெயர், படிப்பு, மண்டபம், தேதி, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ உறவினர் பட்டியல் என்று எல்லாம் அச்சாகிவிடும். தேங்காயும் வெற்றிலையும் தீர்ந்த பிறகு பை ஆணியில் தொங்கும். ‘அவங்க வீட்டுக் கல்யாணம் எந்த வருஷம்?’ என்று சந்தேகம் வந்தால் மொய் நோட்டைத் தேட வேண்டாம், ஆணியைப் பார்த்தால் போதும். எந்த வீட்டுப் பையை ஒருவர் வெளியே எடுத்துப் போகிறார், எதைக் கரித்துணி ஆக்கிவிட்டார் என்று கவனித்தால் உறவு எப்படி இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

★ கட்டைப்பைக்குப் பேர்போன போத்தீஸ், 1923-இல் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிய கடை. பெரிய ஜவுளிக்கடைப் பையைப் புடவை தீர்ந்ததும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. மளிகை வாங்கவும் அதேதான். பெயர் வெளிப்பக்கம் தெரிய வேண்டும், அவ்வளவே.

★ தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். துணி போலவே இருக்கும் ‘நான்-ஓவன்’ பையும் அந்தப் பட்டியலில் உண்டு. அது துணியே அல்ல, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்குச் சோதிக்கச் சொல்லித்தரவா வேண்டும்? ஓர் இழையைக் கொளுத்தினால் பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், இது உருகிச் சொட்டி மணியாக இறுகும். (சோதனையை வெடிச்சரக்கு இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!)

★ பட்டிக்காட்டு அடையாளம் என்று சினிமாவே கேலி செய்த மஞ்சப்பைக்கு, 2021 டிசம்பர் 23-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு விழாவே எடுத்தார். பிறகு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமும் வந்தது. பத்து ரூபாய்க் காசை வாங்கத் தயங்கும் கடைக்காரர்களைவிட இயந்திரம் மேல்!

★ துணிப்பை வைத்திருந்தாலே புண்ணியம் சேர்ந்துவிடாது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் போட்ட கணக்கு: நீர் உட்பட எல்லாப் பாதிப்பிலும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 7,100 தடவை தூக்க வேண்டும். தினம் ஒரு தடவை என்றாலும் 19 வருஷத்துக்கு மேல். பருவநிலையை மட்டும் கணக்கிட்டால் 52 தடவையே போதும். பீரோவில் முப்பது துணிப்பை சேர்த்து வைத்திருப்பவருக்குப் பெயர் இயற்கை ஆர்வலர் அல்ல, சேகரிப்பாளர்.

★ சொந்தப் பையோடு கடைக்குப் போகிறவர் இயற்கை விளைபொருளைக் கூடுதலாக வாங்குகிறார். கூடவே சிப்ஸ், ஐஸ்கிரீமும் கூடுகிறது! கலிபோர்னியா கடை ஒன்றின் பில்களை அலசி, உமா கர்மார்கர், பிரையன் போலிங்கர் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இது. ‘நல்லது செய்தோமே’ என்று தனக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்ளும் மனசுதான் காரணமாம். சாத்தூர்க் காராச்சேவு வாங்கக் காரணம் தேடுபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

★ பிளாஸ்டிக் கைப்பையைக் கண்டுபிடித்த சுவீடன்காரர் ஸ்டென் குஸ்தாவ் துலின், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் குப்பையில் போடும் வழக்கம் நம்முடையது, அவருடையது அல்ல.

★ வட இந்திய மிக்சர் கடைகளின் பெயர் இந்தியில் அச்சிட்ட சாதாரணத் துணிப்பையை, ‘இந்திய நினைவுப் பை’ என்று அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடை 48 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் நம் ரூபாயில் நாலாயிரத்தைத் தொட்டது. ஆணியில் தொங்கும் தாம்பூலப் பைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுங்கள்.

★ காலியான அரிசிப் பை வாரச் சந்தைக்கு வந்தால் அதன் வயதைச் சொல்லிவிடலாம். ‘26 கிலோ’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அது 2022 ஜூலைக்குப் பிந்தியது. அந்த மாதம் 18-ஆம் தேதி முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூடுதலாகக் கட்டி, வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.